மாமா அழிக்காத டிஸ்க்

என் அக்காவின் கணவரை நான் ஒரு ஆளாகவே மதித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாய் மாமா என்று கூப்பிடும், மனசு பயந்தாங்கொள்ளி என்று கூப்பிடும். சாலையைக் கடக்க இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மறுபடியும் முதல் பக்கத்தைப் பார்க்கிற மனுஷன். அதற்குள் வண்டி வந்துவிடும், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். அவரோடு கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் எனக்குத் தாடி முளைத்துவிடும்.

வீட்டில் உப்பு டப்பாவில் உப்பு என்று எழுதி ஒட்டியிருப்பார். சர்க்கரை டப்பாவில் சர்க்கரை. அப்படியும் போடுவதற்கு முன்னால் நாக்கில் வைத்துப் பார்ப்பார். எல்லா அறையிலும் அலமாரி ஒரே மாதிரி இருக்க வேண்டும். மேல் தட்டில் காகிதங்கள், நடுவில் துணி, கீழே கருவிகள். விளக்கு இல்லாவிட்டாலும் கையை விட்டால் வேண்டியது கிடைக்கும் என்று பெருமை வேறு. "மனுஷனைக் கட்டிக்கிட்டேனா, மளிகைக் கடையைக் கட்டிக்கிட்டேனா தெரியல" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். வேலை செய்த இடத்தில் அவருக்கு ‘அளவுகோல்’ என்று பெயர். அவர் காதுபடவே கூப்பிடுவார்கள், அவரும் என்னவென்று திரும்புவார்.

அவர் வேலை செய்தது ஒரு சரக்குக் கிடங்குக் கம்பெனியில். ஊருக்கு ஊர் கிளை. தலைமைக் கிடங்கின் மாடியில், எப்போதும் குளிரூட்டிய ஒரு அறையில், இரும்பு அலமாரிகளில் சர்வர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். கீழே நாங்கள் வியர்வையில் குளிக்க, அவர் கடும் கோடையிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படியிறங்கி வருவார். அவரைப் பிடித்துத்தான் எனக்கு அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற வேலை கிடைத்தது. அதற்காகவும் எனக்கு அவர் மேல் கொஞ்சம் கடுப்பு.

அவருடைய வேலை என்னவென்று அக்காவுக்குக் கடைசிவரை புரியவில்லை. எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். ஒரு சர்வர் படுத்துவிட்டால், யாரும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பட்டன் தட்டி இயங்குதளம் போடுவதில்லை. மெஷின் கண் விழித்ததும் கேபிள் வழியாக, நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும். மாமா எழுதி வைத்த பதில்கள் அதற்குப் போகும். இந்தக் கடிகாரம், இந்தக் கடவுச்சொல், டிஸ்க்கை இப்படி இப்படிக் கூறு போடு என்று. எல்லா மெஷினிலும் ஒரே கூறு, ஒரே அளவு, ஒரே வரிசை. வீட்டு அலமாரி மாதிரியே.

இந்தக் கூறு போடுவதில்தான் அவர் முதல் அடி வாங்கினார். அப்போது அவர் வேலைக்குப் புதிது. ஒவ்வொரு மெஷினிலும் இரண்டு டிஸ்க் இருக்கும். சின்னதில் இயங்குதளம், பெரியதில் கேமராப் பதிவும் கணக்கும். முதல் டிஸ்க்கைத் துடைத்துவிட்டுக் கூறு போடு என்று மாமா எழுதியிருந்தார். எல்லாக் கிளையிலும் ஒழுங்காக நடந்தது. ஒரு கிளையில் மட்டும் பெரிய டிஸ்க் முந்திக்கொண்டது. மெஷினுக்கு எது முதலில் எழுந்திருக்கிறதோ அதுதான் முதல் டிஸ்க்.

"முதல்ல கண்ணு முழிக்கிறவனுக்கு முடிவெட்டுன்னு சொல்லிட்டேன்" என்று பின்னால் ஒருநாள் எனக்கு விளக்கினார். "தினமும் அண்ணன்தான் முழிப்பான். அன்னைக்குத் தம்பி முழிச்சிட்டான். அவன் தலை போச்சு."

அந்தக் கிளையின் மொத்தக் கணக்கும் துடைத்து எடுத்த மாதிரி போய்விட்டது. முதலாளியின் தம்பியைச் சின்ன முதலாளி என்று கூப்பிடுவோம். கிடங்கை நடத்தியது அவன்தான். மாடிக்கு ஏறிப் போனான், ஒரு வார்த்தை பேசவில்லை, கிடைத்த நாற்காலியைத் தூக்கி மாமாவின் முகத்தில் அடித்தான். புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. இரண்டாவது முறை ஓங்கியபோது நாற்காலிக் கால் உடைந்ததால் மாமா பிழைத்தார். அக்கா அந்த ரத்தச் சட்டையைத் துவைத்துக்கொண்டே, போய் போலீஸில் சொல்லுங்கள் என்று கத்தினாள். மாமா தையல் போட்ட புருவத்தோடு மறுநாள் வேலைக்குப் போய், தன் பதில்களைத் திருத்தி எழுதினார்.

டிஸ்க்கின் அளவைப் பார். எந்தக் குழியில் செருகியிருக்கிறது என்று பார். பதிவு என்கிற அடையாளம் அதன் மேல் இருக்கிறதா என்று பார். மூன்றும் சரியாக வந்தால் மட்டும் சின்னதைக் கூறு போடு. பெரியதைத் தொடாதே. அதை மெஷினோடு சேர்க்கிற வேலையைக்கூடத் தானாகச் செய்யாதே, மனுஷன் வந்து கையால் சேர்க்கட்டும். சந்தேகம் வந்தால் அப்படியே நின்றுவிடு. இதுதான் அவர் எழுதியது. சின்ன முதலாளிக்கு இந்தத் திருத்தம் எதுவும் தெரியாது. அவனுக்கு நினைவில் நின்றது ஒன்றுதான்: அளவுகோல் மெஷினில் இயங்குதளத்தைத் திரும்பப் போட்டால் எல்லாம் அழியும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். என் வண்டியின் பிரேக் சரியில்லை என்று நான் சொல்லாத ஆளில்லை. ஓட்டு, ஓட்டு என்றார்கள். ஒருநாள் காலையில் பாரத்தோடு சரிவில் இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. வண்டி நேராகப் போய்ச் சுமை தூக்கும் ஒருவரின் காலைச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. அந்த எலும்பு உடைந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் போட்ட கூச்சலில் கிடங்கே உறைந்துவிட்டது. நான் குதித்து இறங்கி, தலைகால் புரியாமல் ஓடி, சின்ன முதலாளியின் சட்டையைப் பிடித்தேன்.

"நான் சொன்னேனா இல்லையா? பிரேக் இல்லன்னு சொன்னேனா இல்லையாடா?"

டா என்றுதான் சொன்னேன். அவன் பக்கத்தில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்தான். லாரியில் சரக்கைக் கட்டிச் சங்கிலியை இறுக்குகிற கம்பி அது, ஒரு முழ நீளம். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது அடிக்கு முழங்கால் மடங்கியது. தரையில் விழுந்த பிறகு எத்தனை என்று எனக்குத் தெரியாது. பூட்ஸ் காலால் வயிற்றில் உதைத்தான், விலா உடைந்தது. அவனுடைய இரண்டு ஆட்கள் என் கைகளை மிதித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியாக அவன் கம்பியின் முனையை முகத்தில் இறக்கினான். இடது கண்ணில் ஒரு வெள்ளை வெளிச்சம் வந்தது. அந்தக் கண்ணால் நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது, மிச்சமிருந்த கண்ணைத்தான் சொல்கிறேன், வழக்கு என் மேலேயே திரும்பியிருந்தது. நான் குடித்துவிட்டு வண்டி ஓட்டினேனாம், ஒரு மனுஷனின் காலை நசுக்கினேனாம், தடுமாறி விழுந்து கண்ணைக் குத்திக்கொண்டேனாம். கிடங்கில் இருந்த ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கால் போனவரின் மருத்துவச் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டதால் அவரும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு ஜெயில் நிச்சயம் என்று வக்கீலே சொல்லிவிட்டார். எனக்கு இருந்த ஒரே சாட்சி, சரக்கு இறக்கும் வாசலுக்கு மேலே மாட்டியிருந்த கேமரா. அதன் பதிவு மாமாவின் அறையில், ஒரு பெரிய டிஸ்க்கில் இருந்தது.

மாமா ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"நீங்க அப்ப எங்க இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"மேல இருந்தேன். எதுவும் கேக்கல. மெஷின் சத்தம்."

அந்த அறையின் இரைச்சல் எனக்கும் தெரியும். நம்பினேன்.

கட்டோடு அக்கா வீட்டுக்குத் திரும்பிய கொஞ்ச நாளில், பதிவை எடுத்துப் போக மறுநாள் போலீஸ் வருவதாகத் தகவல் வந்தது. தகவல் எனக்கு வருவதற்கு முன்பே சின்ன முதலாளிக்குப் போயிருந்தது. மதிய நேரத்தில் அவன் தன் இரண்டு ஆட்களோடு மாடியேறிப் போய்க் கதவைத் தாழ்போட்டான். அங்கே நடந்ததை மாமாவின் வாயிலிருந்து பின்னால் குறடு போட்டுப் பிடுங்குகிற மாதிரி பிடுங்கித்தான் தெரிந்துகொண்டேன். கல்லுளிமங்கன் சொன்ன நாலு வார்த்தையை வைத்து எழுதுகிறேன்.

"கேமரா மெஷின் பழுதாயிடுச்சு. அதைத் திரும்பப் போடு" என்றானாம் சின்ன முதலாளி.

"அது நல்லாத்தான் ஓடுது சார்."

"பழுதாயிடுச்சுன்னு சொல்றேன். டிஸ்க்கை உடைச்சா கேள்வி வரும். நீ வழக்கமா பண்ற மாதிரி பண்ணு. அன்னைக்கு ஒரு கிளையையே அழிச்சியே, அதே மாதிரி அழி."

மாமா மாட்டேன் என்று சொன்னார். அவர் வாழ்க்கையில் யாரிடமும் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒருவன் அவர் தலைமுடியைப் பிடித்து அலமாரியின் இரும்புக் கம்பத்தில் மோதினான். பழைய தையல் இருந்த அதே புருவம் மறுபடியும் பிளந்தது. மாட்டேன் என்றார் மறுபடியும். இன்னொருவன் அவர் இடது கையைப் பிடித்து, சர்வரை உள்ளே தள்ளுகிற தண்டவாளத்தின் நடுவே விரல்களை வைத்தான். சின்ன முதலாளி காலால் சர்வரை உதைத்து உள்ளே தள்ளினான். அவ்வளவு கனமான இரும்பு. மூன்று விரல்கள் நசுங்கின. கத்தினாராம். மெஷின் சத்தத்தில் கீழே யாருக்கும் கேட்டிருக்காது.

"அடுத்து வலது கை. அப்புறம் உன் பொண்டாட்டி தம்பிக்கு மிச்சம் இருக்கிற கண்ணு."

மாமா வலது கையால் கட்டளையைத் தட்டினார். மெஷின் அணைந்து எழுந்தது. கேட்டது, பதில்கள் போயின. திரையில் வரிகள் ஓடின. விரலிலிருந்து ரத்தம் கீபோர்டில் சொட்டிக்கொண்டிருக்க, கடைசியில் ஒன்றுமே இல்லாத புது மெஷின் வந்து நின்றது. சின்ன முதலாளி பதிவுகளைக் காட்டு என்றான். எதுவும் இல்லை. குனிந்து திரையைப் பார்த்தான், அவருடைய முதுகில் தட்டினான், போய்விட்டான்.

சாயங்காலம் மாமா ஸ்வெட்டரைக் கையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அதற்கு முன்பே கிடங்கிலிருந்து ஒருவன் எனக்குப் போன் பண்ணியிருந்தான். "உன் மாமாவே எல்லாத்தையும் அழிச்சிட்டாராம்டா. சின்ன முதலாளி கீழ வந்து சிரிச்சிட்டே சொல்றான்." எனக்கு ரத்தம் கொதித்தது. வாசலில் அவர் செருப்பைக் கழற்றி, வழக்கம்போல நேராக அடுக்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் என் கை என் பேச்சைக் கேட்கவில்லை.

காதோடு சேர்த்து ஒன்று விட்டேன். சுவரில் போய் விழுந்தார். எழுவதற்குள் வயிற்றில் உதைத்தேன். என் உடைந்த விலா உள்ளே கிழிந்தது, அப்படியும் விடவில்லை.

"அழிச்சிட்டியாடா? என்னை ஜெயிலுக்கு அனுப்ப உன் கையாலயே அழிச்சியா? நீயெல்லாம் ஆம்பளையா?"

அக்கா என் முதுகில் கரண்டியால் அடித்தாள். "விடுடா! கையைப் பாருடா, கையைப் பாரு!" ஸ்வெட்டர் அவிழ்ந்து விரல்கள் தெரிந்தன. விரல் மாதிரி இல்லை அவை. நான் பின்வாங்கினேன். ஆனாலும் என் ஆத்திரம் அடங்கவில்லை, அவர் மேல் காறித் துப்பினேன். மாமா உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று அக்காவிடம் மட்டும் சொன்னார்.

டிஸ்க் பத்திரமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது எனக்கே தெரியும். நான் ஒரு முந்திரிக்கொட்டை. அந்த நிமிஷமே கிடங்குக்குப் போன் போட்டுச் சவால் விட்டிருப்பேன். பொழுது விடிவதற்குள் அந்த டிஸ்க்கைச் சுத்தியலால் உடைத்திருப்பார்கள்.

மறுநாள் போலீஸ் வந்தது. சின்ன முதலாளி டீ வரவழைத்தானாம். மெஷின் பழுதாகித் திரும்பப் போட்டோம், பழைய பதிவு போய்விட்டது, எங்களுக்கும் வருத்தம்தான் என்று உச்சுக் கொட்டினானாம். மாமா கட்டுப் போட்ட கையோடு எழுந்து நின்று, "பெரிய டிஸ்க்கை இன்னும் சேக்கல சார். நான்தான் கையால சேக்கணும்" என்றார். ஒரு வரி தட்டினார். கேமரா வாரியாக, நாள் வாரியாக எல்லாப் பதிவுகளும் வரிசையாக வந்து நின்றன. சின்ன முதலாளி போலீஸ்காரர் முன்னாலேயே மாமாவின் கழுத்தைப் பிடித்துவிட்டான். நாலு பேர் சேர்ந்து இழுத்துத்தான் பிரித்தார்கள். அன்றே அவனைக் கூட்டிப் போனார்கள்.

அன்று நான் அவர் காலில் விழுந்தேன். உண்மையாகவே விழுந்தேன். துப்பினேனே, அடித்தேனே என்று குழந்தை மாதிரி அழுதேன். அக்கா அவருக்குச் சோறு பிசைந்து ஊட்டப் போனாள். தெருவில் எல்லோரிடமும் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கை கொடுத்தார். மாமா மட்டும் சாப்பிடவில்லை. "போதும்" என்றார். "அதைப் பத்திப் பேசாதீங்க." அடக்கம் என்று நினைத்துக்கொண்டோம். போலீஸ் அவரிடம் வாக்குமூலம் வாங்க வந்தபோது அக்காவைக்கூட வெளியே இருக்கச் சொன்னார். அதையும் அடக்கம் என்றே நினைத்தோம்.

விசாரணை நாளில் கோர்ட்டில் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். முன் வரிசையில் நான், அக்கா, மாமா. சத்தமில்லாத படம். நான் சட்டையைப் பிடிக்கிறேன். கம்பி ஓங்குகிறது. நான் விழுகிறேன். அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். நான் அடி வாங்குவதை நானே பார்த்தேன், கண்ணை எடுக்கவில்லை.

அப்போது படத்தின் வலது ஓரத்தில் மாடிப்படிக் கதவு திறந்தது. தோளில் ஒரு கேபிள் சுருளோடு ஒரு ஆள் வெளியே வந்தார். கோடையில் ஸ்வெட்டர்.

அவர் நின்றார். பத்தடி தூரம்கூட இருக்காது. கம்பி இறங்குவதைப் பார்த்தார். மறுபடியும் இறங்குவதைப் பார்த்தார். நான் அவர் பக்கம் கையை நீட்டுகிறேன், எனக்கு அது நினைவே இல்லை, என் கை அவர் பக்கம் நீள்கிறது. ஒருவன் அதை மிதிக்கிறான். ஸ்வெட்டர் போட்ட ஆள் ஒரு அடி பின்னால் வைத்தார். கதவை மெல்ல மூடினார். அதற்குப் பிறகுதான் கம்பி என் கண்ணில் இறங்கியது.

அக்கா திரும்பி அவரைப் பார்த்தாள். எழுந்து வெளியே போனாள். நாங்கள் பின்னால் போனோம். தாழ்வாரத்தில் வைத்து அவரை அறைந்தாள். ஒரு கை, மறு கை, மறுபடியும் முதல் கை. கண்ணாடி பறந்து போய் விழுந்தது. "மேல இருந்தேன்னு சொன்னியே! எதுவும் கேக்கலைன்னு சொன்னியே! என் தம்பிய அடிக்கறதைப் பாத்துட்டுக் கதவை மூடினியே!" காவலர்கள் ஓடி வந்தார்கள். நான் அவரை அடிக்கவில்லை. என் அடி முன்பே தீர்ந்துபோயிருந்தது. சட்டையைப் பிடித்துச் சுவரோடு நிறுத்தினேன்.

"ஏன்?"

"பயந்துட்டேன்."

"அப்ப அதை ஏன் அழிக்கல? அந்த அறையில யாரும் உன்னைக் கேட்டிருக்க மாட்டாங்க. விரலும் போயிருக்காது. நீ நின்னதும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"ஒரு வரி போதும், அழிச்சிருக்கலாம்" என்றார். மூக்கிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. "அன்னைக்கு உனக்காகக் கையைத் தூக்கல. இன்னொரு தடவை உன்னை விட்டுட்டுப் போக முடியல."

சின்ன முதலாளி உள்ளே போனான். என் மேல் இருந்த வழக்கு தள்ளுபடியானது. மாமாவின் மூன்று விரல்களில் ஒன்றை எடுத்துவிட்டார்கள், இரண்டு மடங்காது. இப்போது வேறொரு கம்பெனியில் அதே வேலை, அதே கூறு, அதே அளவு. அக்கா பல மாதம் அவரோடு பேசவில்லை. சோற்றைத் தட்டில் போட்டு, சத்தம் வரும்படி வைத்துவிட்டுப் போவாள். இப்போது பேசுகிறாள், ஆனால் பேச்சின் நடுவே சட்டென்று நிறுத்திவிடுவாள். நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். சில நாள் அவர் செருப்பை அடுக்குகிற சத்தம் கேட்டாலே அடிக்க வேண்டும் போல இருக்கிறது. அவர் இல்லாவிட்டால் நான் இன்று கம்பிக்குப் பின்னால் இருந்திருப்பேன் என்பதும் நினைவுக்கு வரும். இரண்டும் ஒன்றாகவே வந்து தொலைக்கிறது.

கோர்ட்டிலிருந்து வந்த நாள் முதல் சாப்பிடும்போது மாமா என் இடது பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். எனக்குக் கண் இல்லாத பக்கம். அங்கே அவர் சாப்பிடுகிறாரா, எழுந்து போய்விட்டாரா என்றுகூட எனக்குத் தெரியாது. வெகு நாள் எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. போன வாரம் அக்கா பரிமாறிக்கொண்டிருந்தபோது தட்டை நகர்த்தி வலது பக்கத்தில் இடம் விட்டேன்.

"இந்தப் பக்கம் வந்து உக்காருங்க மாமா" என்றேன். "எனக்குத் தெரியற மாதிரி."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். நடுவில் தயங்கி ஒரு நிமிஷம் நின்றார். பிறகு வந்து உட்கார்ந்தார்.